மேஜிக் ட்ரிக் பத்தி விக்கில எழுதறது எப்படி, ரகசியத்தை எவ்வளவு சொல்றது

விக்கிப்பீடியால ஒரு மேஜிக் ட்ரிக் பத்தி கட்டுரை எழுத உக்காந்தா அஞ்சு நிமிஷத்துலயே கை நின்னுடும். செய்முறையை போட்டா ஒருத்தர் பொழப்புல மண்ணள்ளி போட்ட மாதிரி இருக்கு, போடலேன்னா அது கட்டுரையா இல்ல ஷோவுக்கு அடிச்ச நோட்டீஸான்னு சந்தேகம் வருது. நான் இதுல ஒருதடவை நல்லா மூக்குடைஞ்சவன், அந்த தைரியத்துல சொல்றேன்.

முதல் வேலை, ரகசியம் உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்கறது. ஒரு கல்யாண ரிசப்ஷன்ல மேஜிக் ஷோ, மனுஷன் ஒரு சிவப்பு கர்ச்சீப்பை மூடுன கைக்குள்ள விரலால திணிச்சு ஊதி விரிச்சு காட்டறார், கை காலி. நான் ரெண்டாவது வரிசை. சட்டைக் கைக்குள்ள எலாஸ்டிக் வச்சு இழுத்துட்டார்னு அடிச்சு சொல்லி, அன்னிக்கு ராத்திரியே விக்கில ஒரு பத்தி எழுதிட்டேன். ஒரு மாசம் கழிச்சு மாப்பிள்ளை வீட்ல வீடியோ போட்டாங்க, பாத்தா அந்த ஆளு ரெண்டு கை சட்டையையும் முழங்கைக்கு மேல மடிச்சு விட்டிருக்கார்! நானே போய் அந்த பத்தியை அழிச்சேன். சொந்தமா கண்டுபிடிச்சதை எழுதக்கூடாது, அச்சுல வந்ததை சான்றோட எழுதணும்னு விக்கில ஒரு விதி இருக்கே, அது மேஜிக்குக்குன்னே போட்ட மாதிரி இருக்கும். யூட்யூப்ல ஒருத்தர் ஸ்லோமோஷன்ல வட்டம் போட்டு காட்டறதும் என் ரெண்டாவது வரிசை கதைதான், சான்றுன்னு எடுக்காதீங்க.

அச்சுல இருக்குமான்னு கேக்காதீங்க, நிறையவே இருக்கு. 1584லயே இங்கிலாந்துல ரெஜினால்ட் ஸ்காட் காசு மறையறது, தலையை வெட்டறது எல்லாத்துக்கும் விளக்கம் எழுதிட்டார், வித்தை காட்டறவனை சூனியக்காரன்னு பிடிச்சு கொல்லக்கூடாதுங்கறதுக்காக. என் ஃபேவரிட் ஹொரேஸ் கோல்டின்ங்கற மேஜிக் கலைஞர்தான். பொண்ணை ரெண்டா அறுக்கற ட்ரிக் 1921ல லண்டன்ல செல்பிட்னு இன்னொரு மேஜிக் கலைஞர் மேடையேத்தினது, கோல்டின் தன்னோட வெர்ஷனுக்கு 1923ல அமெரிக்கால பேட்டன்ட் வாங்கினார். பேட்டன்ட் வேணும்னா எப்படி செய்யறதுன்னு படம் வரைஞ்சு குடுக்கணும், அதை யார் வேணா எடுத்து பாக்கலாம். பத்து வருஷம் கழிச்சு ஒரு சிகரெட் கம்பெனி அந்த ட்ரிக்கை விளம்பரத்துல போட்டு உடைச்சுது, இவர் கேஸ் போட்டார், 1938ல கோர்ட் நீங்களே ஊருக்கு சொன்னதுதானேன்னு தள்ளிடுச்சு. இந்த மாதிரி ட்ரிக்குக்கு விக்கி கதவை சாத்தி வச்சு யாரை காப்பாத்தப் போகுது?

அடுத்து எங்க வைக்கிறது. கட்டுரையோட முதல் பத்தியில பாக்கறவங்களுக்கு என்ன தெரியுதோ அதை மட்டும் எழுதுங்க. அப்புறம் யார் செஞ்சாங்க, எப்ப, என்ன பரபரப்பு ஆச்சுன்னு வரலாறு. அதுக்கும் கீழ 'செய்முறை'ன்னு தனி தலைப்பு. படிக்கறவருக்கு அந்த தலைப்பே எச்சரிக்கை, வேணாம்னா அதோட நிறுத்திக்குவார். உதாரணத்துக்கு நம்ம மெட்ராஸ் கேஸ், 1830கள்ல சேஷால்னு ஒரு பிராமணர் அந்தரத்துல சம்மணம் போட்டு உக்காந்து காட்டினது. நான் எழுதினா முதல்ல இப்படி: "ஒரு கையை மட்டும் தடியொன்றின் மீது வைத்தபடி, தரையைத் தொடாமல் அமர்ந்திருப்பார். அமரும்போதும் இறங்கும்போதும் உதவியாளர்கள் போர்வையால் மறைப்பார்கள்." செய்முறைல: "தடியிலிருந்து சட்டைக் கை வழியாகச் செல்லும் இரும்புக் கம்பி, உடைக்குள் மறைந்திருக்கும் இருக்கையைத் தாங்குவதாக விளக்கம் தரப்பட்டது." அவ்வளவுதான். 1847ல பாரிஸ்ல ராபர்ட் ஊதான்னு ஒரு மேஜிக் கலைஞர் தன் பையனையே ஒரு கழி மேல முழங்கை ஊன வச்சு படுத்த வாக்குல மிதக்க விட்டு, இது அப்ப புதுசா வந்த ஈதர்ங்கற மயக்க மருந்தோட வேலைன்னு கதை விட்டார். அந்த கதையும் ட்ரிக்ல பாதி, அதை விட்டுடாதீங்க.

எவ்வளவு சொல்றதுங்கறதுல நான் வச்சிருக்கற கணக்கு, தத்துவம் போதும், அளவு வேணாம். கம்பி எத்தனை இன்ச், எங்க வெல்டிங்னு எழுதினா அது செய்முறை கைடு, விக்கி அதுக்கான இடம் இல்ல. துப்பாக்கி, நெருப்பு, தண்ணின்னு வந்தா இன்னும் கறாரா இருங்க. சங் லிங் சூன்னு சீனாக்காரர் வேஷம் போட்ட அமெரிக்கர், தோட்டாவை பிடிக்கற ட்ரிக்ல 1918ல லண்டன் மேடையிலயே நெஞ்சுல சுடுபட்டு மறுநாள் செத்தார். 2019ல கொல்கத்தால ஒரு மேஜிக் கலைஞர் கைகாலை கட்டிக்கிட்டு ஹூக்ளி ஆத்துல இறங்கினவர், உடம்புதான் கிடைச்சுது. அந்த கட்டுரைகள்ல என்ன தப்பா போச்சுன்னு எழுதுங்க, எப்படி சரியா செய்யறதுன்னு வேணாம்.

இப்ப உயிரோட இருந்து மேடையில காட்டிக்கிட்டு இருக்கறவரோட சொந்த ட்ரிக்னா? சட்டம் பெருசா தடுக்காது. மேஜிக் கலைஞர் டெல்லர் தன் ட்ரிக்கை காப்பியடிச்சவர் மேல போட்டு அமெரிக்கால 2014ல ஜெயிச்ச கேஸ்லகூட கோர்ட் காப்பாத்தினது அவர் நடிச்சு காட்டற காட்சியைத்தான், ரகசியத்தை இல்ல. ஆனா சட்டம் விட்டாலும் நான் எழுத மாட்டேன், முக்கியமா அவரே அதை எங்கயும் அச்சுல போடாத வரைக்கும்.

இந்த தயவு தாட்சண்யம் எல்லாம் 'இது வித்தை'ன்னு சொல்லிட்டு செய்யறவருக்கு மட்டும்தான். 'இது சக்தி'ன்னு சொல்லி காசு வாங்கினா முழுசா போட்டு உடைங்க. கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடறேன் விடறேன்னு கடைசி வரைக்கும் விடாம தாயத்து வித்துட்டு போற மோடி மஸ்தானையாவது மன்னிச்சுடலாம். கோயம்புத்தூர் போத்தனூர்ல இருந்த பகுத்தறிவாளர் பிரேமானந்த் 2009ல சாகற வரைக்கும் ஊர் ஊரா செஞ்சது இந்த உடைக்கற வேலைதான்: விபூதியை கஞ்சித் தண்ணில குழைச்சு உருண்டை பிடிச்சு காய வச்சு, விரலிடுக்குல ஒளிச்சு, கூட்டத்துக்கு முன்னாடி நசுக்கி 'வரவழைச்சு' காட்டுவார். இலங்கைல கோவூர்னு இன்னொரு பகுத்தறிவாளர் அற்புதத்தை நிரூபிச்சா லட்ச ரூபாய்னு சவால் விட்டிருந்தார், யாரும் ஜெயிக்கல. இங்க அளவு கூட எழுதலாம், வீட்ல செஞ்சு பாக்கட்டும்.

தலைப்புக்கு தமிழ் பேரே தேடுங்க. கிண்ணத்துக்குள்ள பந்து மறையறதை செப்படி வித்தைன்னு சொல்றோம், செப்புன்னா அந்த சின்ன கிண்ணம், பேர்லயே பாதி இருக்கு. ரோம்ல செனகாங்கற தத்துவஞானி ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எழுதினார், எப்படின்னு காட்டிட்டா எனக்கு சுவாரஸ்யம் போயிடும்னு. அதையும் வரலாறுல சேருங்க, எதிர்த்தரப்பு ஆளு இவர்.

போட்டப்புறம் யாராவது மேஜிக் கலைஞர் கட்டுரையோட உரையாடல் பக்கத்துல (அதைப் பத்தி பேசிக்கற பக்கம்) வந்து கோபமா எழுதினா, மாத்தி மாத்தி அழிச்சு சண்டை போடாதீங்க. "சார், தகவல் தப்பா, இல்ல சரியா இருக்கறதுதான் பிரச்சனையா"ன்னு மரியாதையா கேளுங்க. தப்புன்னா நல்ல சான்று அவர்கிட்டயே இருக்கும், வாங்கிக்கோங்க. சரிதான்னா, தொழில் பாதிக்குதுன்னு அவர் சொல்றதை காது குடுத்து கேட்டு, அளவு ஏதாவது ஜாஸ்தியா எழுதியிருக்கோமான்னு ஒருதடவை பாருங்க.

அந்த சிவப்பு கர்ச்சீப் எங்க போச்சுன்னு இப்ப எனக்கு தெரியும், ஒரு பழைய மேஜிக் புஸ்தகத்துல படிச்சேன். கட்டுரைல செய்முறைங்கற தலைப்பு மட்டும் இன்னும் காலியா கிடக்கு. புஸ்தகத்தை ஃப்ரெண்டு ஒருத்தன் வாங்கிட்டு போயிருக்கான், பக்க எண் இல்லாம போட மாட்டேன்.