வாட்டர்கலரை வெள்ளையிலிருந்து பாருங்கள்

ஸ்வீடன் ஓவியர் கார்ல் லார்சன் வாட்டர்கலரில் வரைந்த தன் வீட்டுப் படங்களைப் பார்த்ததும் பலரும் சொல்வது, "ஆகா, என்ன அழகான வீடு!" அது வீட்டுக்குப் போகிற பாராட்டு, படத்துக்கு இல்லை. சொல்லப்போனால் அங்கே தொங்கும் துணிகளும் விரிப்புகளும் அவர் மனைவி காரினின் கைவண்ணம், ஆகவே அந்தப் பாராட்டில் பெரிய பங்கு அவருக்குத்தான் சேர வேண்டும்.

ஸ்வீடனில் சுந்த்போர்ன் என்ற ஊர். காரினின் அப்பா 1888-ல் கொடுத்த மரவீடு. லார்சன் 1890-களில் அதை அறை அறையாக வரைந்து தள்ளினார். அதில் 1894-ல் வரைந்த ஒன்றை, ஒரு சிறுமி ஜன்னலோரப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற படத்தை, போனில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அசல் 32 × 43 செ.மீ. தான், ஏ3 தாளைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவே.

முதலில் ஆளைப் பார்க்காதீர்கள், வெள்ளையைத் தேடுங்கள். எண்ணெய் வண்ணத்தில் வெளிச்சம் வேண்டுமென்றால் கடைசியில் மேலே வெள்ளையை அப்பிக்கொள்ளலாம். வாட்டர்கலர் கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் தாள் தெரியும், அதனால் வெளிச்சம் விழும் இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்று தூரிகையை நனைக்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். வெளிறிய நிறம் முதலில், அது காய்ந்த பிறகு அடர்நிறம். இருட்டாகிவிட்டால் திரும்பி வருவது கஷ்டம்.

அப்புறம் ஒரே ஒரு இலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய கோடு, உள்ளே தட்டையாக ஒரு பச்சை. நிழல் போட்டு உருட்டிக் காட்டுகிற வேலை குறைவு. பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பழகிய கை அது, ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களை ரசித்த கண்ணும்கூட. சிலர் இதை "வெறும் இல்லஸ்ட்ரேஷன்" என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அந்தக் கோடுதான் பிடிக்கும். அவ்வளவு தொட்டிகளும் சாமான்களும் ஒன்றோடொன்று குழம்பாமல் நிற்பது அதனால்தான்.

சரி, இப்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு முழுப் படத்தையும் பாருங்கள். விவரமெல்லாம் மறைந்து நாலைந்து பெரிய வடிவங்கள்தான் மிஞ்சும். ஜன்னல் விளிம்பு ஒரு நீளக் கிடைக்கோடு, அதன்மேல் வரிசையாகத் தொட்டிகள், அந்த வரிசைக்குக் குறுக்கே செங்குத்தாகச் சிறுமி. கண் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள்.

கடைசியாக மேசைமேல் கிடக்கும் பின்னல் வேலையைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். அறை அப்படியேதான் இருக்கும், ஆனால் யாரோ பாதியில் வைத்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனார்கள் என்கிற அந்தக் கணம் போய்விடும். விரலை எடுங்கள், திரும்பி வந்துவிடும்.

இது பழகிய பிறகு அதே வருடம் அவர் வரைந்த இன்னொன்றைப் பாருங்கள். சேட்டை செய்ததற்குத் தண்டனையாக மகன் பொன்டுஸ் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவனைச் சுற்றி அறையில் வேறு யாருமே இல்லை.