நாடகத்தைப் படமாக்கும்போது பாட்டில் கோட்டை விடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் மாசி, பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு இரண்டு விதமான போன் வரும். திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் வைத்திருக்கிறோம், வந்துவிடுங்கள் என்பது ஒன்று. அந்த நாடகத்தை விடிய விடியப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதை அப்படியே படமா எடுத்தா எப்படி இருக்கும்?" என்று கேட்கிற தம்பிகளின் போன் இன்னொன்று. நான் சினிமாவில் ஒலிப்பதிவு வேலை பார்ப்பவன். அதனால் கதையைச் சொல்வதற்கு முன்பே பாட்டுப் பட்டியலை என்னிடம் நீட்டிவிடுவார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்ததுமே எங்கே இடிக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். ஆரம்பத்தில் நாங்கள் இடித்துக்கொண்ட அதே இடங்கள்தான்.

ஒரே கேமராவை நட்டுவைத்து எடுக்காதே, மேடையில் பேசுகிற மாதிரி உரக்க வசனம் பேசாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

எந்தப் பாட்டையும் விட மனசு வராமல் இருப்பது

1934-இல் வந்த 'பவளக்கொடி' மேடையில் ஓடிய நாடகம். படத்தில் ஏறக்குறைய 50 பாட்டு. அன்றைக்கு அது செல்லுபடியானது. ஜனங்கள் நாயகன் தியாகராஜ பாகவதர் பாடிக் கேட்கத்தான் கொட்டகைக்கு வந்தார்கள். கதை எல்லாருக்கும் முன்பே தெரியும். இன்றைக்கு உங்கள் படத்துக்கு வருகிறவருக்குக் கதையும் தெரியாது, பாடுகிறவரையும் தெரியாது.

'சவுண்ட் ஆஃப் மியூசிக்' 1959-இல் மேடை ஏறியது, 1965-இல் படமானது. மேடையில் இருந்த மூன்று பாட்டுகளைப் படத்தில் எடுத்துவிட்டார்கள். இசையமைத்த ரிச்சர்ட் ராட்ஜர்ஸே படத்துக்கென்று இரண்டு புதுப் பாட்டு போட்டுக் கொடுத்தார். போட்டவருக்கே அந்தப் பிடிவாதம் இல்லை. நம் ஊரிலேயே பாருங்கள்: தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டு ஏவி.எம். எடுத்த 'நாம் இருவர்' (1947), ப. நீலகண்டனின் நாடகத்திலிருந்து வந்தது. அதில் இன்றும் ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகளை. சுதந்திரம் வரப்போகிற வருஷத்துக்கு வேண்டிய பாட்டுகள் அவை.

நான் சொல்லும் சோதனை சுலபம். பாட்டை எடுத்துவிட்டுக் காட்சியைப் படித்துப் பாருங்கள். தினைப்புனத்தில் பறவை விரட்டிக்கொண்டு வள்ளி பாடும் ஆலோலப் பாட்டை எடுத்தால் அவள் அங்கே என்ன செய்கிறாள் என்பதே போய்விடும். அது இருக்கட்டும். நாரதர் உள்ளே வரும்போது பாடுகிற பாட்டில் இரண்டு அடி போதும்.

ஸ்டுடியோவில் பாட்டை முடித்துவிட்டு ஷூட்டிங் கிளம்புவது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிற விஷயம். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

தமிழ் சினிமாவில் பாட்டை முதலில் பதிவு செய்வோம். பிறகு ஸ்பாட்டில் அதை நாகராவில் (பாட்டை ஒலிக்கவிடும் கருவி) போட்டுவிட்டு நடிகரை வாயசைக்கச் சொல்வோம். சினிமாப் பாட்டுக்கு அது சரி. இசையமைப்பாளருக்குக் காட்சியைச் சொல்லி, அந்த அளவுக்குத் தைத்து வாங்கிய பாட்டு அது. மேடைப் பாட்டுக்கு அளவே கிடையாது. நாயக வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் அடி பாடுவார், ஆர்மோனியம் பின்பாட்டில் பதில் சொல்லும். கூட்டம் ரசித்தால் அதே அடியை மாற்றி மாற்றிப் பாடி இன்னும் நாலு சங்கதி. பின்வரிசையில் யாராவது கத்தினால் அதற்கும் பாட்டுக்குள்ளேயே ஒரு பதில். வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கும் தர்க்கம் இன்றைக்குக் கால் மணி நேரம், நாளைக்கு ஒரு மணி நேரம். இதைக் கொண்டுபோய் ஸ்டுடியோவில் கிளிக் (தாளத்துக்கான டிக் டிக் சத்தம்) போட்டு நாலு நிமிஷமாக்கினால், அந்த நாலு நிமிஷத்தை யார் முடிவு செய்தது? காட்சி முடிவு செய்யவில்லை. எஃப்.எம்.மில் போட வசதியாக இருக்கும் என்று யாரோ முடிவு செய்தது.

ஒரு படத்துக்கு ஒலிப்பதிவுக்குப் போயிருந்தேன். கதையை இந்தக் காலத்துக்கு மாற்றியிருந்தார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றில் வேலை பார்க்கும் பெண்தான் வள்ளி. தர்க்கப் பாட்டைச் சென்னையில் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வைத்துப் பதிவு செய்து எடுத்து வந்தார்கள். பாடியவர் மேடை ராஜபார்ட், அசல் வெண்கலக் குரல். வழக்கமான உயர்ந்த கட்டையிலேயே பாடியிருந்தார். பெண் குரலும் அதே சுருதி.

வளவில், அதாவது வீட்டு நடுவில் தூண்கள் சூழ்ந்த திறந்த முற்றத்தில், ஷூட்டிங். டைரக்டர் மனசில் வைத்திருந்த காட்சி அருமையானது: வீட்டுக்காரர்கள் உள்ளே இரண்டாங்கட்டில் இருக்கிறார்கள், அவர்கள் காதில் விழாமல் இருவரும் தூணுக்குப் பின்னால் நின்று ரகசியமாகத் தர்க்கம் செய்யவேண்டும். எல்லாம் குளோசப். நாகராவைப் போட்டதும் ஏழு ஊருக்குக் கேட்கிற குரல் வருகிறது. முகத்தில் கிசுகிசுப்பு, காதில் முழக்கம். குரலுக்கு ஈடுகொடுக்க அந்தப் பெண் முயற்சி செய்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, குழாயடிச் சண்டை மாதிரி ஆகிவிட்டது.

அதைவிட மோசம், இரண்டு சரணத்துக்கு நடுவில் வந்த வயலின். மேடையில் அந்த இடைவெளியில் நடிகர் ஒரு அரைவட்டம் நடந்து ஆர்மோனியத்துப் பக்கம் போவார், வேர்வையைத் துடைப்பார், ஒரு மடக்கு சோடா குடிப்பார். வளவில் வள்ளி என்ன செய்வாள்? தூணைத் தொட்டாள். அடுத்த தூணுக்குப் போய் அதையும் தொட்டாள். செட்டிநாட்டு வீட்டில் தூணுக்கா பஞ்சம்? பொழுது சாயும்வரை தொட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் பாட்டைச் சுருதி இறக்கித் திரும்பப் பதிவு செய்தார்கள், காட்சியையும் திரும்ப எடுத்தார்கள். வீட்டு வாடகை, யூனிட் பேட்டா எல்லாம் இரண்டு தடவை. முதல் பதிவுக்குக் கொட்டிய பணத்தில் இன்னொரு சின்னப் படமே எடுத்திருக்கலாம். இத்தனைக்கும் பிறகு தயாரிப்பாளர் சொன்னது, "அந்தப் பொண்ணுக்கு நடிப்பு வரல." அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், முதலில் ஓர் அறையில் ஆர்மோனியமும் இரண்டு நடிகர்களும் மட்டும் உட்காருங்கள். காட்சியைப் பேச்சாக நடித்துப் பாருங்கள். பேசிப் பேசிப் போதாமல் எந்த இடத்தில் பாட்டாக எழும்புகிறதோ, அங்கே பாட்டைத் தொடங்குங்கள். இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் குரல் அந்தத் தூரத்துக்குப் போனால் போதும். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கிப் பாடச் சொல்லுங்கள். மேலே வெண்கலமாக ஒலிக்கும் மேடைக் குரல் சிலருக்குக் கீழே இறங்கினால் காற்றுப்போன மாதிரி ஆகிவிடும். அதை ஸ்டுடியோ வாடகை ஓடும்போது கண்டுபிடிக்காமல் இங்கேயே தெரிந்துகொள்ளலாம். செல்போனில் பதிவு செய்துகொண்டால் நீளமும் கையில் வந்துவிடும். அதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு படம் எடுங்கள். ஆர்க்கெஸ்ட்ராவைக் கடைசியில் சேர்க்கலாம்.

துணிச்சல் இருந்தால் ஸ்பாட்டிலேயே பாடச் சொல்லலாம். 2012-இல் வந்த 'லே மிசராப்ல' படத்தில் நடிகர்கள் கேமரா முன்னால் நேரடியாகப் பாடினார்கள். காதில் சின்ன இயர்பீஸில் பியானோ மட்டும் கேட்கும். பாடுகிறவர் நிறுத்தினால் பியானோவும் நிற்கும். ஆர்க்கெஸ்ட்ரா பிறகுதான் சேர்ந்தது. உலகமே ஆச்சரியப்பட்ட இந்த வித்தையை நம் ஆர்மோனியக்காரர் காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கிறார், நடிகரின் வாயையே பார்த்துக்கொண்டு. அவரை வளவை ஒட்டிய பட்டாலையில் உட்காரவைத்து, வயர் இழுத்து, நடிகர் காதில் போடுங்கள்.

ஆனால் வளவில் பதிவு செய்வது லேசான வேலை இல்லை. சுண்ணாம்பு பூசி வழுவழுவென்று தேய்த்த சுவர், கீழே ஆத்தங்குடிக் கல். ஒரு தட்டு தட்டினால் திரும்பி வரும். பிரேமுக்கு வெளியே தரை முழுக்க ஜமக்காளம் விரியுங்கள், கேமராவில் விழாத தூண்களுக்கு இடையே கம்பளி கட்டுங்கள். மேலே திறந்த வாசல் என்பதால் காக்கையும் புறாவும் வரும். கோயில் ஸ்பீக்கர் எப்போது பாடும் என்று முதல் நாளே போய்க் கேட்டு வந்துவிடுங்கள்.

"ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் படம் எடுத்த பிறகு பாட்டை மாற்றலையா அண்ணே?" என்று ஒரு தம்பி மடக்கினான். மாற்றினார். 1945-இல் 'ஸ்ரீ வள்ளி'யில் நாயகி ருக்மணியின் பாட்டுகளுக்குப் பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பின்னால் சேர்த்தார்கள். மாறியது குரல் மட்டும். அந்தப் பெண் தூண் தூணாகத் தொட்டுக்கொண்டிருந்ததே, அதை எந்தக் குரல் வந்து காப்பாற்றும்?

பபூனை வெட்டுவது

வெட்டுகிறவர்கள் சொல்லும் காரணம், பேச்சு கொச்சையாக இருக்கிறது, கதைக்குத் தேவையில்லை என்பது. கொச்சையை வெட்டுங்கள், ஆளை வெட்டாதீர்கள். முதலில் மேடைக்கு வந்து ஊர்க்கதை பேசி, கூட்டத்தை நேராகப் பார்த்துச் சிரிக்கவைத்து, நாடகத்துக்குள் கூட்டிப்போகிறவர் அவர். அவரை எடுத்துவிட்டால் மற்றவர்கள் ஏன் திடீரென்று பாடுகிறார்கள் என்பதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. 'சிகாகோ' படத்தில் (2002) இந்தச் சிக்கலுக்கு, பாட்டுகள் பெரும்பாலும் நாயகி மனசுக்குள் நடப்பதாக வைத்தார்கள். அது அவர்கள் வழி. நம்மிடம் பபூன் இருக்கிறார். அவருக்குக் கதைக்குள் ஒரு வேலை கொடுங்கள். தினைப்புனத்துக் காவல்காரன், மினி பஸ் கண்டக்டர், எதுவானாலும் சரி.

கைதட்டலுக்கு நிற்பது

மேடை நடிகர் பாட்டு முடிந்ததும் கையைத் தூக்கியபடி அப்படியே நிற்பார், கைதட்டல் அடங்கட்டும் என்று. பழக்கதோஷம், கேமரா முன்னாலும் நிற்பார். எடிட்டிங்கில் அந்த இடம் பள்ளமாகத் தெரியும். கடைசி அடி பாடும்போதே அடுத்த வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்: குடத்தை எடுப்பது, கதவைச் சாத்துவது.

பாட்டு ஓடும்போது வீட்டைச் சுற்றிக் காட்டுவது

கானாடுகாத்தான் செட்டிநாட்டு வீடுகள் அழகுதான். டூரிசத்துக்குத் தனியாக எடுங்கள்.

உரிமை

வள்ளி திருமணம் நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் காலமானது 1922. அவர் பாட்டுக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கேசட்டிலிருந்து உருவி எடுக்கிறீர்களே, அந்தப் பதிவுக்கு வாங்க வேண்டும்.

ஆர்மோனியக்காரருக்கு ஒரு நாள் பேட்டா கொடுத்து அனுப்புவது

உங்கள் படத்துக்கு இசை மேற்பார்வை அவர்தான். பத்திரம் போட்டு, பேச்சு ஆரம்பிக்கும் நாளிலிருந்தே சம்பளம் கொடுங்கள். டைட்டிலில் நன்றி என்று போடாதீர்கள், இசை என்று போடுங்கள்.