பலர் சேர்ந்து எழுதும் ஒரே விண்போர்: பொதுப் பிரபஞ்சச் சிறுகதைத் தொகுப்பை உருவாக்குவது எப்படி?

விண்வெளிப் போர்க்கதை எழுத ஆசைப்படும் நான்கைந்து நண்பர்கள் கூடினால், ஆளுக்கொரு உலகத்தைத் தனித்தனியே கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே போரை எல்லோரும் எழுதலாம். அமெரிக்க அறிவியல் புனைகதையில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. லாரி நிவன் 1966-இல் எழுதிய ஒரு சிறுகதையில் புலி போன்ற ‘கிஸின்’ இனத்தை அறிமுகப்படுத்தினார். அவர்களுக்கும் மனிதர்களுக்கும் பல போர்கள் நடந்ததாகப் பின்னால் எழுதிய கதைகளில் குறிப்பு மட்டும் வரும். போரையே களமாக வைத்து எழுதத் தனக்கு ராணுவ அனுபவம் இல்லையென்று கருதி, அந்தக் காலகட்டத்தை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டார். 1988-இல் ‘மேன்-கிஸின் வார்ஸ்’ முதல் தொகுதி வந்தது. பால் ஆண்டர்சனும் டீன் இங்கும் அதில் எழுதினார்கள். அதன்பின் பத்துக்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்துவிட்டன.

நீங்களும் தொடங்கலாம். வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: போரின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்

ஒரு போர், பல முனைகள் என்பது கிஸின் தொகுதிகளின் வழி. ஒரே ஆயுதம், பல போர்கள் என்பது இன்னொரு வழி. கீத் லாமர் 1960 முதல் எழுதிய ‘போலோ’ கதைகளில் தானே சிந்திக்கும் ராட்சத டாங்கிகள் வரும். அவர் 1993-இல் மறைந்தார். அதே ஆண்டில் மற்ற எழுத்தாளர்களின் போலோ தொகுப்பு வெளியானது. ஒவ்வொரு கதையும் வேறொரு காலத்தில், வேறொரு கிரகத்தில் நடப்பதால் ஒன்றோடொன்று மோத வாய்ப்பு குறைவு. மூன்றாவது வழி, ஃபிரெட் சேபர்ஹேகன் 1985-இல் ‘பெர்சர்க்கர் பேஸ்’ நூலில் செய்தது: மற்றவர்களின் கதைகளுக்கு நடுவே இணைப்புப் பகுதிகளை அவரே எழுதி ஒரே நூலாகக் கோத்தார்.

முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பது முதல் வழியைத்தான். கொஞ்சம் கடினம், ஆனால் ஒருவர் கதையில் நடந்ததன் விளைவை இன்னொருவர் கதையில் வாசகர் உணர்வது அதில்தான் கிடைக்கும்.

படி 2: தூரத்தைக் குறியுங்கள்

வரைபடம் போடுவதற்கு முன்பே எல்லோரும் ஆயுதப் பட்டியல் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். அது பிறகு. பொதுப் பிரபஞ்சத்தில் வரும் பெரிய தொல்லை முரண்பாடு. ஒருவர் கதையில் செத்த தளபதி இன்னொருவர் கதையில் தேநீர் குடிப்பார். இதைத் தடுக்க ஒளியின் வேகத்தைவிடச் சிறந்த காவல் இல்லை. செய்தி ஒளியைவிட வேகமாகப் போகாது என்று ஒரு விதி வைத்தாலே போதும்: ஒவ்வொரு எழுத்தாளருக்கும் தன் கதாபாத்திரங்கள் மற்ற முனைகளைப் பற்றி அறியாத ஒரு சொந்த இடம் கிடைத்துவிடும்.

ஆல்பா சென்டாரி 4.3 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கிஸின் தொகுதிகளில் அங்கே ‘வுண்டர்லாந்து’ என்ற மனிதக் குடியேற்றம் எதிரியின் பிடியில் இருக்கும். அங்கே நடக்கும் எழுச்சி பூமிக்குத் தெரியவரும்போது நான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருக்கும். ஆக்கிரமிப்புக்கு உள்ளே ஒருவர் எழுதலாம், பூமியின் தற்காப்பை இன்னொருவர் எழுதலாம், இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்கமாட்டார்கள்.

சூரியக் குடும்பத்துக்குள்ளேயே போர் என்றாலும் இது வேலை செய்யும். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒளி செல்ல ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம் ஆகும். சரணடைகிறோம் என்ற செய்தி வந்துசேர்வதற்குள் ஏவுகணை புறப்பட்டிருக்கும். குறைந்த எரிபொருளில் செவ்வாய்க்குப் போகும் வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அப்படியானால் உங்கள் போருக்குப் பருவங்கள் உண்டு: படை புறப்படும் காலம், காத்திருக்கும் காலம். காத்திருக்கும் காலத்துக் கதைகளை யாராவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவை அருமையாக வரும்.

படி 3: நான்கு பக்கக் கையேடு

உங்கள் உலகத்தின் விதிகளைச் சொல்லும் கையேட்டை ஒருவர் எழுதட்டும், எல்லோரும் திருத்தட்டும். நான்கு பக்கத்தைத் தாண்டினால் யாரும் முழுதாகப் படிக்கமாட்டார்கள். கருவிகள் என்னென்ன செய்யும் என்பதைவிட என்னென்ன செய்யாது என்பதை எழுதுங்கள். படைப் பதவிகளை ஒரே முறையில் வையுங்கள். சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார் என்ற நம் ராணுவ வரிசையே நம் வாசகருக்குப் பழக்கமானது.

கையேட்டில் ஒவ்வொரு விதியும் ஒரு கதையையாவது பெற்றுத்தர வேண்டும். கிஸின் சமூகத்தில் சாதாரண வீரனுக்குப் பெயர் கிடையாது, செய்யும் வேலைதான் அழைக்கும் சொல். பெயரை அவன் சம்பாதிக்க வேண்டும். இந்த ஒரு விதியில் எத்தனை கதைகள் இருக்கின்றன பாருங்கள்! முழுத் தயாராவதற்கு முன்பே பாய்ந்து தாக்குவது அவர்கள் இயல்பு. அதுவே அவர்கள் பலம், மனிதர்கள் பிழைப்பதற்கும் அதுவே காரணம். நிவனின் முதல் கிஸின் கதையில் ஆயுதமே இல்லாத மனிதக் கப்பல் தன் ஒளி உந்துவிசை எஞ்சினைத் திருப்பி எதிரிக் கப்பலை வெட்டிவிடும். சக்திவாய்ந்த எஞ்சின் எதுவும் ஆயுதமும்தான் என்ற ஒரே இயற்பியல் உண்மை மொத்தப் போரையும் தீர்மானிக்கிறது. உங்கள் கையேட்டிலும் அப்படி ஒன்று வேண்டும்.

படி 4: கதைகளைப் பங்கிடுங்கள்

சும்மா விட்டால் ஐந்து பேரும் இறுதிப் பெரும்போரையே எழுதி வருவார்கள். இங்கே நமக்குக் கைவசம் ஓர் அருமையான கருவி இருக்கிறது: போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவின் பெயர் வைத்த பழந்தமிழ்ப் புறத்திணை. வெட்சியை ஒருவருக்குக் கொடுங்கள், ஆநிரைக்குப் பதில் எரிபொருள் கப்பல்களைக் கவரட்டும். கரந்தை எடுத்தவர் அவற்றை மீட்கட்டும். நொச்சிக்கு, முற்றுகையில் சிக்கிய ஒரு சிறுகோள் நிலையமும் குறைந்துகொண்டே வரும் ஆக்சிஜனும். நேருக்கு நேர் மோதும் பெரும்போரான தும்பை ஒருவருக்கு மட்டுமே.

இழந்தவரை நினைத்து வருந்தும் கையறுநிலைக் கதை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். பாரி மகளிரின் புறநானூற்று 112ஆம் பாடலில் போர்க்களக் காட்சி எதுவும் இல்லை. அந்த மாத நிலவில் இருந்த தந்தையும் குன்றும் இந்த மாத நிலவில் இல்லை, அவ்வளவுதான். உங்கள் தொகுப்பில் அப்படி ஒரு கதை வந்தால், அதற்கு முன்னால் இருக்கும் எல்லாச் சண்டைகளுக்கும் எடை கூடும்.

படி 5: பதிவேடு

கூகுள் டாக்ஸில் ஒரு பொதுக் கோப்பு. கதையில் புதிதாக உருவாக்கிய கப்பல் பெயர், தேதி, மரணம் எல்லாம் அன்றே அதில் ஏற வேண்டும். முதலில் பதிந்தவர் வைத்ததே சட்டம். இன்னொருவரின் கதாபாத்திரத்தைக் கொல்ல அவர் சம்மதம் வேண்டும், பயன்படுத்த மட்டும் என்றால் சொல்லிவிட்டால் போதும்.

படி 6: வரிசைப்படுத்துதல்

கால வரிசை தேவையில்லை. உலகத்தை விளக்கும் கதையை முதலில் வைக்காதீர்கள், நடுவில் தொடங்கும் கதையை வையுங்கள்.

படி 7: எழுத்து ஒப்பந்தம்

நட்புக்குள் எதற்கு என்று தள்ளிப்போடாதீர்கள், கதை கேட்கும் நாளிலேயே முடித்துவிடுங்கள். கதை எழுதியவருக்கு, உலகம் குழுவுக்கு என்று பிரிப்பது நியாயமானது. ஒருவர் விலகினால் அவர் உருவாக்கிய பாத்திரங்களை மற்றவர்கள் தொடரலாமா என்பதையும் எழுதுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலவரை குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். மின்நூலாக உலகெங்கும் விற்க நினைத்தால் இரண்டையும் ஒப்பந்தத்தில் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு பிரதியை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.