அறிவியல் துறையில் எல்லோருக்கும் இடம் கிடைக்க என்ன செய்யலாம்

தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையையோ இயற்பியல் துறையையோ எடுத்துக்கொள்ளுங்கள். 69 சதவீத இட ஒதுக்கீடு இருப்பதால் எம்.எஸ்சி. முதலாண்டு வகுப்பில் பல தரப்புப் பிள்ளைகளும் இருப்பார்கள், வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களும் நிறையப் பேர். அதனாலேயே "எங்கள் துறையில் பாகுபாடெல்லாம் கிடையாது" என்று சொல்வது சுலபமாக இருக்கிறது. உள்ளே வந்த பிறகு யார் கருவியைத் தொடுகிறார்கள், நல்ல புராஜெக்ட் யாருக்குப் போகிறது, யார் பிஎச்.டி. வரை வருகிறார்கள், யார் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று பார்த்தால்தான் நிலைமை தெரியும். 1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்த கமலா சோஹோனியைப் பெண் என்பதற்காகவே அதன் இயக்குநர் சி.வி.ராமன் முதலில் மறுத்தார், கமலா விடாமல் நின்றதால் பிறகு நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். இன்று அப்படி யாரும் வெளிப்படையாக நிபந்தனை போடுவதில்லை, ஆனால் டைம்டேபிளிலும் நோட்டீஸ் போர்டிலும் லேப் வழக்கங்களிலும் அவை இன்னும் இருக்கின்றன, மாற்ற வேண்டியது அவற்றைத்தான்.

முதல் வேலை, கடந்த ஐந்து வருடப் பட்டியலை எடுங்கள். சேர்ந்தவர்கள், முடித்தவர்கள், விலகியவர்கள், ஆராய்ச்சிக்குப் போனவர்கள். பெண்கள் எத்தனை, தமிழ் வழியில் படித்தவர்கள் எத்தனை, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று பெயர்கள் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் போட்டு, துறைக் கூட்டத்தில் வையுங்கள். பட்டியலை மேசையில் வைத்துவிட்டால் அப்புறம் "எனக்குத் தோன்றுகிறது" என்ற பேச்சு குறையும்.

சரி, இப்போது லேபுக்கு வருவோம். பிராக்டிகல் வகுப்பில் மூன்று பேர் கொண்ட குழுவை ஒரு மணி நேரம் சும்மா நின்று கவனியுங்கள். ஒருவர் கருவியை இயக்குவார், ஒருவர் ரீடிங் சொல்வார், ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார். எழுதுகிறவர் பெரும்பாலும் கையெழுத்து அழகாக இருக்கும் பெண்ணாகவோ, ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் மாணவராகவோ இருப்பதை நான் பல லேப்களில் பார்த்திருக்கிறேன், அவர் இரண்டு வருடம் முடித்து வெளியே போகும்போதும் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தானாக சரிசெய்யத் தெரியாமலே போவார். இதை மாற்ற நிதி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று விதி வையுங்கள், கருவியை இயக்கியவர் பெயரை ரெக்கார்டு நோட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். குழுவை மாணவர்களே அமைத்துக்கொள்ள விடாதீர்கள், விட்டால் ஊரும் சாதியும் ஹாஸ்டல் அறையும் பார்த்துத்தான் சேருவார்கள்.

ஸ்காலர்ஷிப் விஷயத்தில் உடனே நிறுத்த வேண்டிய ஒன்று இருக்கிறது. "எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் எழுந்து நில்லுங்கள், படிவம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வகுப்பில் அறிவிப்பது. அந்த ஒரு நிமிடத்தில் வகுப்பு முழுக்க யார் யார் என்று தெரிந்துவிடுகிறது, மறுநாள் சாப்பிடும் இடத்தில் அது பிரதிபலிக்கும். விவரத்தை எல்லோருக்கும் பொதுவாக அனுப்பிவிட்டு, விண்ணப்பத்தை அலுவலகத்தில் தனித்தனியாக வாங்குங்கள். வருகைப் பதிவேட்டிலோ செமினார் பட்டியலிலோ சாதி, நுழைவு மதிப்பெண், சேர்க்கைப் பிரிவு எதுவும் இருக்கக் கூடாது.

மொழி பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், விடையைத் தமிழில் சொல்ல விடுங்கள், கலைச்சொல் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். என்ட்ரோபி என்றால் என்ன என்று தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

நேரம் இதைவிடச் சிக்கலானது. படிக அமைப்பை எக்ஸ்-கதிரால் ஆராயும் எக்ஸ்ஆர்டி மாதிரி பலரும் பகிரும் கருவிகளுக்கு மாலை, இரவு ஸ்லாட்தான் எளிதாகக் கிடைக்கும், ஆனால் பெண்கள் விடுதியின் கேட் சீக்கிரமே மூடிவிடும். விளைவு, ஒரே வருடத்தில் சேர்ந்த இரண்டு பிஎச்.டி. ஸ்காலர்களில் ஒருவருக்கு டேட்டா வேகமாகச் சேர்கிறது, இன்னொருவர் "வேகம் போதாது" என்று பெயர் வாங்குகிறார். பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதியில் ஆண்களுக்கு இல்லாத விதிகளைப் போடக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2015 ஒழுங்குமுறையே சொல்கிறது. துறைத் தலைவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வார்டனிடம் பேச வேண்டும், மாணவிகளை அனுப்பிக் கெஞ்ச வைக்கக் கூடாது. அந்தப் பேச்சு முடியும்வரை பகல் ஸ்லாட்டுகளைச் சுழற்சி முறையில் கொடுங்கள், இரவில் யாரும் தனியாக வேலை செய்யாதபடி பாருங்கள். பிஎச்.டி. பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, படிப்புக்காலத்தில் கூடுதலாக இரண்டு வருடமும் உண்டு. இதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், ஆய்வு வழிகாட்டியான கைடின் தயவாக அது மாறக் கூடாது.

மாற்றுத்திறனாளிகளுக்கு உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீடு 2016 சட்டத்தில் இருக்கிறது, ஆனாலும் "லேப் இருக்கிறதே, அவர்களால் முடியுமா" என்ற கேள்வியைச் சேர்க்கைக் குழுவிலேயே கேட்கிறார்கள். அதற்குப் பதில், எது தடை என்று பிரித்துப் பாருங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு டைட்ரேஷனில் மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறும் எண்ட் பாயிண்ட் தெரியாது, அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் பிஎச் மீட்டர் வைத்தால் அதே டைட்ரேஷனை அவர் செய்துவிடுவார். பார்வையற்றவரால் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ போன்ற இலவச மென்பொருளின் உதவியோடு பாடத்தைக் கேட்க முடியும், நீங்கள் ஸ்கேன் செய்த படமாகக் குறிப்பை அனுப்பினால் முடியாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு உயரம் குறைந்த ஒரு மேசை வேண்டும், லேபைத் தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரத்தை அவர் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள்.

பணம் பற்றித் துறைகளில் யாரும் வாய் திறப்பதில்லை. புராஜெக்டுக்கான கெமிக்கலை மாணவரே வாங்க வேண்டும், மாநாட்டுக்குப் போய்வந்த பிறகு பில் கொடுத்தால் பணம் வரும் என்ற ஏற்பாட்டில், கையில் காசு இருப்பவர் மட்டுமே முன்னேறுவார். பதிவுக் கட்டணத்தையும் ரயில் டிக்கெட்டையும் முன்பணமாகக் கொடுங்கள். கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் அறிவிப்புகள் கைடுக்குப் பிடித்த இரண்டு பேருக்கு மட்டும் போய்ச் சேராமல், எல்லோருக்கும் ஒரே நாளில் போகட்டும், பரிந்துரைக் கடிதம் கேட்கத் தயங்குபவர்களை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக, புகார். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவில் இருப்பவர்களின் பெயர், எண், புகார் கொடுக்க மூன்று மாதம், விசாரணை முடிக்க 90 நாள் என்ற விவரங்களை லேப் கதவிலேயே தமிழில் ஒட்டுங்கள். சாதிப் பேச்சுக்கான புகாரை யாரிடம் கொடுப்பது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கைடுமீது புகார் கொடுக்கும் ஸ்காலருக்கு வேறு கைடு ஒதுக்கும் நடைமுறையைப் புகார் வருவதற்கு முன்பே துறைக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி வையுங்கள், ஏனென்றால் ஆய்வேடு ஒரே ஒருவரின் கையெழுத்தில் தொங்கும்வரை எந்த மாணவியும் எந்த மாணவரும் வாய் திறக்க மாட்டார்கள்.