காலங்களைக் கலந்து கவுன் தைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம் நெருங்கினால் போதும், நம் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் தையல் மிஷின் இருக்கிற வீடுகளில் விளக்கு அணைய நேரமாகும். 1897-இல் தொடங்கிய பந்தயம் அது. இன்று கிரேவில் மைதானத்தில் குதிரைக்கு எவ்வளவு கூட்டமோ, உடுப்புக்கும் அவ்வளவு கூட்டம். அதற்கு அப்புறம் பள்ளி இறுதி ஆண்டுப் பிள்ளைகளின் விருந்தான மெட்ரிக் டான்ஸ். அப்புறம் நவம்பர் 16, டுரூரோ கப்பல் 1860-இல் மதராஸிலிருந்து நம்மவர்களைக் கொண்டுவந்து இறக்கிய நாள். இந்த மூன்றுக்கும் இப்போது பெண்கள் விரும்பித் தைப்பது, ஒரு காலத்துப் பாவாடையும் இன்னொரு காலத்து மேல்சட்டையும் சேர்ந்த கவுன்தான். எனக்கும் அதுதான் பிடித்த வேலை.

என்னிடம் பழக வருகிற பெண்கள், நான் பழகிய நாளில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். அளவைச் சரிபார், இஸ்திரி போட்டு வெட்டு என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது வேறு.

உள்ளே போடுவதைத் தைக்காமல் மேல்துணியை வெட்டுவது

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. துணி வீணாவதால் மட்டும் அல்ல. போனால் திரும்ப வாங்க முடியாத துணிதான் இதில் பெரும்பாலும் வீணாகிறது.

பழைய காலத்துக் கவுனின் வடிவம் மேல்துணியில் இல்லை, அடியில் இருக்கிறது. 1850-களின் கடைசியில் பாவாடை கூடாரம் போல விரிந்து நின்றது என்றால், 1856-இல் வந்த எஃகுக் கம்பிக் கூண்டான கிரினோலின் உள்ளே இருந்தது. 1870-களில் பாவாடை பின்னால் மட்டும் மேடாக எழுந்தது. இடுப்புக்குப் பின்னால் பஸ்ஸில் (bustle) என்கிற தாங்கியைக் கட்டினார்கள், கம்பியிலோ திண்டாகவோ. அதைக் கட்டாமல் எடுத்த அளவு உங்கள் உடம்பின் அளவுதான், அந்தக் கவுனின் அளவு அல்ல.

ஒரு பெண் தன் ஆயாவின் காஞ்சிபுரம் சேலையைக் கொண்டுவந்தாள். அரக்கு உடல், பச்சைக் கரை, கரையில் அன்னம். கீழே 1870-களின் பஸ்ஸில் பாவாடை, மேலே 1940-களின் தோள் எடுப்பான ஜாக்கெட். யோசனை அருமை. இரண்டு காலத்திலும் இடுப்பு அதனதன் இடத்தில் இருப்பதால் இரண்டும் நன்றாக ஒட்டும். சேலையைக் குறுக்காகத் திருப்பி, கரை பாவாடையின் அடியைச் சுற்றி ஓடும்படி வைத்திருந்தாள். அதுவும் சரிதான்.

ஆனால் பஸ்ஸிலைக் கடைசியில் தைத்துக்கொள்ளலாம், வெளியே தெரியாதே என்று நினைத்துவிட்டாள். இடுப்பிலிருந்து தரை வரை அளந்தாள். சேலையின் அகலத்தில் ஒரு சாண் மிச்சம் வந்தது. அந்த மிச்சத்தை மேல்பக்கத்தில் சுற்றிலும் ஒரே நேராக வெட்டிவிட்டாள். மறு வாரம் பஸ்ஸில் கட்டிப் பாவாடையைப் போட்டதும், முன்னால் தரையைத் தொட்ட கரை பின்னால் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. மேட்டின் மேல் ஏறி இறங்க வேண்டிய துணி அது, நேராக விழுகிற துணியைவிட நீளம் கூடுதலாகத்தான் வேண்டும். அவள் வெட்டிப் போட்ட அந்தச் சாண் துண்டுதான் பின்பக்கத்துக்குத் தேவைப்பட்ட நீளம்.

கரை போட்ட துணியில் அடியில் எதையும் ஒட்டி நீட்ட முடியாது. கடைசியில் பின் இடுப்பில் அரக்கு நிறப் பருத்தித் துணியைச் சேர்த்தோம். அதை மறைக்க ஜாக்கெட்டின் வால்பகுதியை நீட்டினோம். அந்த வால்பகுதியையும் அவள் பஸ்ஸில் இல்லாமலே வெட்டியிருந்ததால், பிரித்து நடுவில் முக்கோணத் துண்டு வைக்க வேண்டியதாயிற்று. விழா முழுக்க அவள் ஜாக்கெட்டைக் கழற்ற முடியவில்லை.

ஆகவே வரிசை இதுதான். முதலில் எந்தக் காலம் வடிவத்தைத் தருகிறது என்று முடிவு செய்யுங்கள். அந்தக் காலத்தின் உள்ளாடையை முழுதாகத் தைத்து முடியுங்கள். பஸ்ஸிலின் மேல் ஒரு பருத்தி உள்பாவாடையும் வேண்டும், இல்லாவிட்டால் கம்பி மேலே வரி வரியாகத் தெரியும். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, டேப்பை மேட்டின் மேலேயே ஓடவிட்டு அளந்து, மலிவான காடாத் துணியில் ஒரு முறை தைத்துப் பாருங்கள். கரை வைத்த துணியானால் கரையைத் தரைக்கு நேராக நிறுத்தி, மேல்பக்கத்தில் இடுப்புக் கோட்டைச் சாக்பீஸால் வரையுங்கள். அந்தக் கோடு முன்னால் தாழ்ந்தும் பின்னால் உயர்ந்தும் வரும். சேலை அதற்குப் பிறகுதான் மேசைக்கு வர வேண்டும்.

ஒரே கவுனில் இரண்டு இடுப்பு

1800-களின் தொடக்கத்தில் இடுப்புக் கோடு மார்புக்குக் கீழே இருந்தது. 1920-களில் இடுப்பெலும்புக்கு இறங்கியது. 1947-இல் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் டியோர் அதை மறுபடியும் இயல்பான இடத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினார். ஒரு கவுனுக்கு இதில் ஒன்றுதான். மார்புக்குக் கீழே கோடு வைத்து, அதிலிருந்து 1950-களின் வட்டப் பாவாடையை விரியவிட்டால், பார்ப்பவர்கள் உங்களிடம் எத்தனை மாதம் என்று கேட்பார்கள். உயர்ந்த இடுப்பு வேண்டுமானால் முன்பக்கத்தைத் தட்டையாக விட்டு, சுருக்கம் எல்லாவற்றையும் முதுகுப் பக்கம் கொண்டுபோங்கள். அந்தக் காலத்திலும் அப்படித்தான் தைத்தார்கள்.

புஃப் கைக்கு இன்றைய கைக்குழி

1895 வாக்கில் மேற்கத்திய உடுப்பில் கை உச்சத்துக்கு உப்பியிருந்தது. நம் வீடுகளின் பழைய படங்களில் பாட்டிமார் போட்டிருக்கும் புஃப் கை ஜாக்கெட்டும் அந்த வழியில் வந்ததுதான். அதைப் பார்த்துத் தைக்கிற பெண்கள் கையை மட்டும் பழைய மாதிரியில் வெட்டி, உடலை இன்றைய பேட்டர்னில் வெட்டுகிறார்கள். இன்றைய கைக்குழி பெரிது, தாழ்ந்தது. கையைத் தூக்கினால் மொத்த மேல்சட்டையும் கூடவே எழும்பும். பழைய கைக்குழி அக்குளுக்கு ஒட்டி, சின்னதாக இருக்கும். கை எவ்வளவு பெரிதோ, குழி அவ்வளவு கச்சிதமாக இருக்கட்டும்.

ஷ்வேஷ்வேயின் விறைப்பை நம்புவது

கிழக்கு கேப் மாகாணத்தில் ஸ்வெலிட்ஷாவில் அச்சாகும் ஷ்வேஷ்வே என்கிற பருத்தித் துணி எனக்கு மிகப் பிடித்தது. கடையில் தொட்டால் அட்டை போல நிற்கும், அதனால் பெரிய கைக்குச் சரியாக இருக்கும் என்று வாங்கிவிடுகிறார்கள். அந்த விறைப்பு கஞ்சி. முதல் தண்ணீரில் போய்விடும், துணியும் சுருங்கும். துவைத்தே வெட்டுங்கள். கை நிற்க வேண்டுமானால் உள்ளே ஆர்கன்சா மாதிரி விறைப்பான மெல்லிய துணியோ நெட்டோ வையுங்கள். அகலம் 90 செ.மீ. தான், சேலை அகலத்தை நினைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பழைய பட்டுத் துணியை அப்படியே தையல் மிஷினில் போடுவது

சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வருஷக்கணக்காக மடித்தே வைத்திருந்த பட்டு மடிப்புக் கோட்டில் இற்றுப் போயிருக்கும், வெளிச்சத்தில் அந்தக் கோடு தனியாகத் தெரியும். அந்த இடத்தில் தையலோ, உடம்புக்கு ஏற்பப் பிடித்துத் தைக்கிற டாட்டோ வந்தால் கிழிந்துவிடும். உடலையும் கரையையும் கோர்த்து நெய்த சேலையில் அந்தக் கோர்வை விட்டுப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டு முழுவதற்கும் அடியில் மெல்லிய பருத்தி கொடுத்து, இரண்டையும் ஒரே துணியாகத் தைத்தால் இழுவையைப் பருத்தி தாங்கிக்கொள்ளும்.

பாலியெஸ்டர் லைனிங்

டர்பன் புழுக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

ஜிப்

பெண்கள் கவுனில் ஜிப் பரவியதே 1930-களில்தான். 1870-களின் மேல்சட்டைக்கு முன்பக்கம் பொத்தான் வரிசை.

மூன்றாவது காலம்

இரண்டு போதும்.

விளிம்பை அவசரமாக மடிப்பது

துணியின் மூலைவாட்டில் வெட்டிய பாவாடையை ஒரு இரவாவது தொங்கவிடுங்கள். துணி இழுபட்டு இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிவிடும். விளிம்பை அப்புறம்தான் குறிக்க வேண்டும், அதுவும் அன்றைக்குப் போடப்போகிற செருப்போடு நின்று. கிரேவில் புல்லில் மெல்லிய குதிகால் புதையும் என்று கடைசி நிமிஷத்தில் தட்டைச் செருப்புக்கு மாறுகிறவர்கள் உண்டு. மாறுவதானால் குறிக்கும் முன்பே மாறிவிடுங்கள்.