போன் போய்விட்டதா? முதலில் சிம்மைப் பாருங்கள்

பாம்பன் ஜெட்டியில் சட்டைப்பையிலிருந்து நழுவிக் கடலில் விழுந்த போன், ராமநாதபுரம் பஸ்ஸில் சீட்டிலேயே விட்டு இறங்கிய போன், பேட்டர்ன் மறந்து பூட்டிக்கொண்ட போன். மூன்றுக்கும் வைத்தியம் வேறு, ஆனால் கணக்குகளை மீட்கும் வரிசை ஒன்றுதான்: போன் எண், ஜிமெயில், வாட்ஸ்அப், கடைசியாக ஜிபே, போன்பே. பணத்தை நினைத்துப் பதறி நேரே ஜிபேயில் தொடங்கினால் ஓடிபி வராது. திரும்பத் திரும்பக் கேட்டால் அந்தக் கணக்கும் தற்காலிகமாகப் பூட்டிக்கொள்ளும்.

கடலில் விழுந்திருந்தால்

எடுத்ததும் போனை ஆஃப் செய்யுங்கள். ஆன் ஆகிறதா என்று அழுத்திப் பார்ப்பதும் சார்ஜரில் சொருகுவதும்தான் போனைக் கொல்கிற வேலைகள். உப்புத்தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் உள்ளே இருக்கும் போர்டு வேகமாக அரித்துப்போகும். ஐபி68 (தண்ணீர் தாங்கும் என்ற குறி) பெட்டியில் போட்டிருக்கிறதே என்றால், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, கடல்தண்ணீரில் அல்ல. அரிசி மூட்டையில் புதைத்தாலும் பயனில்லை. அரிசி உப்பை எடுக்காது, மாவும் தூசியும் சார்ஜ் ஓட்டைக்குள் போகும்.

போனை விட அவசரம் சிம். ட்ரேயைக் கழற்றி, சிம்மைக் குடிதண்ணீரில் அலசுங்கள் (உவர்ப்பான கிணற்றுத்தண்ணீர் வேண்டாம்). மெல்லிய துணியால் ஒற்றி, நிழலில் ஒரு மணி நேரம் காயவைத்து, வீட்டில் இருக்கும் வேறொரு போனில் போடுங்கள். சிம் கார்டு பெரும்பாலும் பிழைத்துவிடும். அப்படிப் பிழைத்தால் பாதி வேலை முடிந்தது. ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும். இ-சிம் (கழற்ற முடியாமல் போனுக்குள்ளேயே இருப்பது) வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை.

பிறகு போனின் வெளிப்புறத்தையும் குடிதண்ணீரால் லேசாக அலசி, சார்ஜ் ஓட்டை கீழே பார்க்க நிறுத்திக் காயவிட்டு, அன்றே சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். உப்புத்தண்ணீர் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

சிம்மும் போய்விட்டால்

அதே கம்பெனி சிம் உள்ள போனிலிருந்து 198-ஐ அழைத்துப் பழைய சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு அசல் ஆதாருடன் கம்பெனி ஷோரூமுக்கோ பிஎஸ்என்எல் வாடிக்கையாளர் மையத்துக்கோ போய் அதே எண்ணில் மாற்று சிம் வாங்குங்கள். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் வர வேண்டும். அண்ணன் பெயரிலோ படகு முதலாளி பெயரிலோ இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இது தெரியாமல் அங்கே போய், பிறகு அலைவதுதான் வழக்கம்.

மாற்று சிம் வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகவும் போகாது. சிம்மில் கோளாறு இல்லை. எண்ணைத் திருடிப் பணம் எடுப்பதைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்த விதி. அழைப்புகள் மட்டும் வரும். தண்ணீரில் விழுந்த பழைய சிம்மையே காப்பாற்றிவிட்டால் இந்த ஒரு நாள் காத்திருப்பு கிடையாது.

போன் திருடுபோனதாகச் சந்தேகம் இருந்தால் இத்துடன் மூன்று வேலைகள். வங்கியை அழைத்து யுபிஐயையும் கார்டையும் நிறுத்துங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930 (சைபர் மோசடி உதவி எண்). பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்கி, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) பதிந்து போனை முடக்குங்கள். எந்த சிம் போட்டாலும் அதன்பின் வேலை செய்யாது. கடலுக்கு அடியில் கிடக்கும் போனுக்கு இந்த முடக்கம் தேவையில்லை.

ஜிமெயில்

ப்ரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முயற்சி செய்யாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருந்த கருவியா, வழக்கமான இடமா என்பதையும் கூகுள் பார்க்கிறது. மனைவியின் போனிலோ பழைய லேப்டாப்பிலோ முன்பு உங்கள் கணக்கைத் திறந்திருந்தால் அதிலிருந்து, வீட்டிலிருந்தே செய்யுங்கள். கடைசியாக நினைவிருக்கும் பாஸ்வேர்டைக் கேட்டால் பழையதையாவது கொடுங்கள். தெரியாது என்று தாண்டிப் போவதை விட அது மேல். முன்பே எடுத்துவைத்த பேக்அப் கோடு (எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒருமுறைதான்) இருந்தால் எஸ்எம்எஸ் தேவையே இல்லை.

தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போன் இலங்கை சிக்னலைப் பிடிப்பது தெரிந்ததுதான். ஓடிபி வேலையை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்கு திறந்ததும் கூகுளின் ஃபைண்ட் ஹப் பக்கத்தில் போன் எங்கே என்று பார்க்கலாம். ஐஎம்இஐ எண்ணும் அங்கேயே கிடைக்கும். அழித்துவிடு என்ற பட்டனை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அழித்த பிறகு இடம் காட்டாது.

வாட்ஸ்அப், யுபிஐ

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் பழைய சாட் கூகுள் கணக்கில் பேக்அப் ஆகியிருந்தால்தான் திரும்பும். அதற்கு அதே எண்ணும் அதே ஜிமெயிலும் புதுப் போனில் இருக்க வேண்டும், ஜிமெயிலை முன்னால் வைத்தது அதற்காகத்தான். எஸ்எம்எஸ் வராத ஒரு நாளிலும் அழைப்பு மூலம் கோடு கேட்டு வாங்கலாம். வாட்ஸ்அப்பில் நீங்கள் வைத்த இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு பின் நம்பரை மறந்து, மீட்க மெயிலும் கொடுக்காமல் விட்டிருந்தால் 7 நாள் காத்திருப்பைத் தவிர வேறு வழி இல்லை.

ஜிபே, போன்பே உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் எண்ணைச் சரிபார்க்கும். மாற்று சிம்மில் 24 மணி நேரம் அது போகாது என்பதால் முதல் நாள் முயற்சியே வீண். பதிந்த பிறகும் முதல் நாள் பெரும்பாலும் 5,000 ரூபாய் வரம்பு இருக்கும். கடலுக்குப் போகிறவர்கள் ஐஸுக்கும் டீசலுக்கும் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டர்ன் மறந்த போன்

ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் ரீசெட் செய்வதே வழி, உள்ளே இருப்பது அழியும். ரீசெட் ஆனதும் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும், அதனால் ஜிமெயிலை முதலில் மீட்டுவிட்டுச் செய்யுங்கள். பாஸ்வேர்டை அன்றுதான் மாற்றினீர்கள் என்றால் 24 மணி நேரம் கழித்து ரீசெட் செய்யுங்கள். ஐபோனில் (ஐஓஎஸ் 17 முதல்) பாஸ்கோடை மாற்றி 72 மணி நேரத்துக்குள் மறந்திருந்தால் பழைய பாஸ்கோடே திறக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

கீழக்கரை, தொண்டி, ஏர்வாடியிலிருந்து வளைகுடா போகிறவர்கள் ஊர் எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்ட் எண் ரத்தாகி, பின்னர் வேறொருவர் கைக்குப் போகலாம். உங்கள் வங்கி ஓடிபியும் அவருக்கே. சிறிய ரீசார்ஜாவது போட்டு வையுங்கள். எண் போய்விட்டால் ஊருக்கு வந்ததும் முதலில் ஆதார் மையம்: கைரேகை வைத்தாலே புது எண்ணைச் சேர்ப்பார்கள், ஆவணம் தேவையில்லை. அதன் பிறகு வங்கிக் கிளை.