செவித்திறன் குறைந்த பெரியவர்களோடு பேசுவதற்கும் காது கேட்கும் கருவியைப் பழக்குவதற்கும் ஒரு வழிகாட்டி

முதுமையில் செவித்திறன் குறையும்போது, உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் காக்ளியாவின் நுண்மயிர்ச் செல்கள் பெரும்பாலும் உயர் அதிர்வெண் (கீச்சென்ற) ஒலிகளை உணரும் பகுதியிலிருந்தே பழுதுபடத் தொடங்குகின்றன. உயிரொலிகள் காதில் விழுந்துவிட, உயர் அதிர்வெண் கொண்ட மெய்யொலிகள் பல நழுவிப் போவதால், 'கடை', 'சடை', 'தடை' ஆகியவற்றைப் பிரித்தறிவது கடினமாகிறது. "சத்தம் கேட்கிறது, சொல்வதுதான் விளங்கவில்லை" என்று அவர்கள் கூறுவது முழு உண்மை. கத்திப் பேசினால் உயிரொலிகளே மேலும் பெருகும். நம் முகமும் சினந்ததாகத் தோன்றும்.

ஆகவே அடுக்களையிலிருந்து குரல் கொடுக்காமல், அருகில் சென்று, பெயரையோ முறையையோ சொல்லி அழைத்து, அவர் நம் முகத்தைப் பார்த்த பிறகே பேச வேண்டும். வெளிச்சம் நம் முகத்தில் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உதட்டசைவு தெரியாது. மிக்சியும் தொலைக்காட்சியும் ஓடும்போது முக்கியமானதைப் பேசாதீர்கள். ஒரு முறை திருப்பிச் சொல்லியும் விளங்காவிட்டால் வாக்கியத்தையே மாற்றுங்கள்: "கடைக்குப் போகணுமா?" என்பதை "மளிகைச் சாமான் வாங்கணுமா?" என்று கேட்கலாம். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்பதை மட்டும் சொல்லவே கூடாது. அவர்களை வீட்டுப் பேச்சிலிருந்தே விலக்கிவிடும் சொல் அது. மாத்திரை அளவு, நேரம், பணம் போன்றவற்றை எழுதிக் கொடுங்கள். "கேட்டதா?" என்றால் பலரும் தலையசைத்துவிடுவார்கள், "எத்தனை மாத்திரை, எப்போது?" என்று கேட்டால்தான் விளங்கியதா என்பது தெரியும்.

காது கேட்கும் கருவி வாங்கும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, செவித்திறன் வல்லுநரான ஆடியாலஜிஸ்டிடம் ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளந்து காட்டும் வரைபடம்) எடுக்க வேண்டும். புதிதாக அணியும்போது பாத்திரச் சத்தமும் தம் குரலுமே உறுத்தலாகக் கேட்பதால், பலர் கருவியை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அமைதியான அறையில் சில மணி நேரம் அணிந்து தொடங்கி, நாள்தோறும் நேரத்தைக் கூட்டி, உறுத்தும் ஒலிகளைக் குறித்துக்கொண்டு சென்று கருவியைச் சரிசெய்துகொள்வதே பழகும் வழி. கருவியில் போடும் துத்தநாகக் காற்று (zinc-air) பேட்டரி காற்றுப் பட்டால்தான் இயங்கும். எனவே அதன் மேல் ஒட்டியுள்ள ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிடம் வைத்திருந்த பிறகே பொருத்த வேண்டும். குளிப்பதற்கும் எண்ணெய் தேய்ப்பதற்கும் முன் கருவியைக் கழற்றிவிடுங்கள். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் வைத்தால் வியர்வை ஈரம் உலரும்.

ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் கேட்காமல் போனால் அதை முதுமை என்று எண்ணிப் பொறுத்திருக்காதீர்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றவும் வேண்டாம். ஸ்டீராய்டு சிகிச்சை தொடக்கத்திலேயே கிடைத்தால் கேட்கும் திறன் மீள வாய்ப்பு கூடுதல் என்பதால், அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.